சாயம் கற்கும் பிள்ளைகளின் உடல்நலம் காப்போம்



நூலுக்கும் துணிக்கும் நிறம் ஏற்றுவது நம் ஊர்ப் பழந்தொழில். மதுரையிலும் சின்னாளப்பட்டியிலும் சுங்குடிச் சேலை, காஞ்சிபுரத்தில் பட்டு, கரூரிலும் சென்னிமலையிலும் படுக்கை விரிப்பு என்று இந்தத் தொழிலை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. முன்பெல்லாம் அப்பனிடம் மகன் கற்றான். இன்று பள்ளி முடித்த பிள்ளைகள் பயிற்சிக் கூடத்துக்குப் போய்க் கற்கிறார்கள். சேலத்தில் 1960-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் படிப்பவர்கள் உண்டு. மகளிர் குழு மூலம் பாத்திக், சுங்குடிப் பயிற்சி பெறும் இளம் மனைவிமார்களும் உண்டு.

உங்கள் மகனோ மகளோ இப்படிப் படிக்கலாம். உங்களில் ஒருவரே பயிற்சிக்குப் போகிறவராக இருக்கலாம். "நல்ல தொழில்தானே, கை நிறைய சம்பாதிக்கலாமே" என்பது சரிதான். ஆனால் சாயத்தொட்டிக்கு முன் நிற்கிறவருக்கு என்னென்ன தீங்கு வரக்கூடும், அதை எப்படித் தடுப்பது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஆகும் செலவு சொற்பம். வேண்டியது கவனம் ஒன்றே.

சாயத்தில் என்ன இருக்கிறது?

1856-ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். மருந்து வரவில்லை. ஊதா நிறச் சாயம் ஒன்று வந்தது. அதிலிருந்துதான் இரசாயனச் சாயத் தொழில் வளர்ந்தது. நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. 1895-இல் ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதை எடுத்துச் சொன்னார். இந்தக் கேடு பென்சிடின் போன்ற சில மூலப்பொருள்களால் வருவது என்பது பின்னர் உறுதியாயிற்று. நம் நாட்டில் 1997-இல் மத்திய அரசு, பென்சிடின் வகைச் சாயங்களும் அதுபோன்ற வேறு சில அசோ சாயங்களுமாக 112 சாயங்களைக் கையாளத் தடை விதித்தது.

இதனால் எல்லாச் சாயமும் விஷம் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். ஆனால், "நிறம்தானே, சோப்புப் போட்டா போயிடும்" என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். பெயர் எழுதாத பொட்டலத்தில், எடை போட்டு மலிவாகக் கொடுக்கும் சாயத்தை வாங்கவே கூடாது. என்ன சாயம், யார் செய்தது, என்ன எச்சரிக்கை என்று டப்பாவின் மேல் எழுதியிருக்க வேண்டும்.

முதல் பகை, பறக்கும் தூள்

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் இன்று எங்கும் பழக்கத்தில் உள்ளது. தண்ணீரில் கரைந்த பிறகு அதனால் தொல்லை குறைவு. தூளாக இருக்கும்போதுதான் ஆபத்து. டப்பாவைத் திறந்து தராசில் அளக்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூள் பறந்து மூச்சோடு உள்ளே போகிறது. முதல் நாளே ஒன்றும் செய்யாது. சில வாரமோ சில மாதமோ கழித்துச் சிலருடைய உடம்பு அதை எதிரியாக எண்ண ஆரம்பிக்கும். பிறகு தும்மல், மூக்கில் நீர் ஒழுகல், இருமல், நெஞ்சு இறுக்கம், இழுப்பு வரும். அப்படி ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், அதன்பின் கடுகளவு தூள் பட்டாலும் இழுப்பு வரும்.

பெற்றோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. இந்த இழுப்பு பல சமயம் பட்டறையில் வராது. வீட்டுக்கு வந்த பிறகு, சாயங்காலமோ நடுராத்திரியிலோதான் வரும். ஆகவே பனியால் வந்தது, ஐஸ் தண்ணீர் குடித்ததால் வந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கலாம்:

மனைவி: ஏங்க, பையன் ராத்திரி பூரா இருமுறானே, கவனிச்சீங்களா?

கணவன்: மழைக்காலம், சளி புடிச்சிருக்கும். சுக்குக் கஷாயம் வெச்சுக் குடு.

மனைவி: பொங்கலுக்கு ஒரு வாரம் லீவுல இருந்தானே, அப்போ ஒரு இருமல்கூட இல்லீங்க. திங்கக்கிழமை பட்டறைக்குப் போனான், அன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சிருச்சு.

இந்த அம்மா கவனித்ததுதான் சரியான அடையாளம். விடுமுறையில் குறைந்து, வேலைக்குப் போனதும் கூடினால், வேலை இடத்தில் உள்ள ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். எந்தெந்த நாளில் இருமல், எந்தெந்த நாளில் இல்லை என்று காலண்டரில் குறித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டுங்கள். "சாயப் பட்டறையில் படிக்கிறான்" என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். அதைச் சொல்லாவிட்டால் டாக்டரும் சாதாரணச் சளி என்றே மருந்து கொடுக்க நேரும்.

பிள்ளைகள் இதை மறைப்பதும் உண்டு. "சொன்னா படிப்பை நிறுத்திடுவாங்க, கட்டின பணம் போயிடும்" என்ற பயம் அவர்களுக்கு. ஆரம்பத்திலேயே தூளிலிருந்து விலக்கிவிட்டால் நெஞ்சு தேறுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. மறைத்து மறைத்து ஆண்டுக்கணக்கில் வேலை செய்தால் இழுப்பு நிலைத்துவிடக்கூடும். தூள் தொடாமல் செய்யக்கூடிய வேலை இத்தொழிலில் நிறைய உண்டு. டிசைன் வரைவது, முடிச்சுப் போடுவது, தறி, தரம் பார்ப்பது எல்லாம் இருக்கின்றன. எனவே, "உண்மையைச் சொன்னா திட்டமாட்டோம்" என்று பிள்ளைக்கு முதலிலேயே தைரியம் கொடுங்கள்.

தூளைத் தடுக்கும் வழி எளிது. காற்று வீசாத மூலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். கீழே ஈரத் துணியோ ஈரக் காகிதமோ விரித்தால் சிந்திய தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். சிந்தியதை விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அளந்த உடனே தண்ணீர் விட்டுக் குழைத்துவிட வேண்டும். முகத்தில் சரியாகப் பொருந்தும் என்-95 முகமூடி அணிய வேண்டும். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது நுண்ணிய தூளுக்குப் போதாது. எந்த முகமூடியும் முகத்தில் இடைவெளி இல்லாமல் படிந்தால்தான் பயன் தரும்.

இரண்டாவது பகை, கூட்டுச் சரக்குகள்

சாயம் மட்டும் தொட்டியில் போவதில்லை. அது பிடிப்பதற்காகச் சேர்க்கும் சரக்குகள் பல சமயம் சாயத்தைவிடப் பொல்லாதவை.

காஸ்டிக் சோடா: வாட் சாயத்துக்கும் நாப்தால் சாயத்துக்கும் இது வேண்டும். தோலில் பட்டால் முதலில் சோப்புப் போல வழவழக்கும், வலி தெரியாது. வலி தெரிவதற்குள் தோல் வெந்துவிடும். கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். இதைக் கரைக்கும்போது தண்ணீர் கொதிக்கும். ஆகவே குளிர்ந்த தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். ஆசிட்டுக்கும் இதே விதி. தண்ணீரில் ஆசிட்டை விடலாம். ஆசிட்டில் தண்ணீரை விடக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் காஸ்டிக் கரைக்கவே கூடாது. அது பாத்திரத்தை அரித்து, தீப்பற்றும் வாயுவை உண்டாக்கும். எவர்சில்வர் பாத்திரமோ கெட்டிப் பிளாஸ்டிக் வாளியோ நல்லது.

ஹைட்ரோஸ்: வாட் சாயத்துக்கும் அவுரி நீலத்துக்கும் போடும் வெள்ளைத் தூள். ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. கந்தகம் எரிந்தது போன்ற நெடி வரும், அது மூச்சை அடைக்கும். இதை இறுக மூடிய டப்பாவில், காய்ந்த இடத்தில், ஆசிட்டுக்கு எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். ஈரக் கரண்டியை உள்ளே விடக் கூடாது. புகைய ஆரம்பித்தால் சிறிது தண்ணீர் தெளித்து அணைக்கப் பார்க்காதீர்கள், சூடு கூடும். எல்லோரும் வெளியேறி, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

சோடியம் நைட்ரைட்: நாப்தால் சாயத்துக்கு வேண்டிய இது, பார்ப்பதற்குச் சமையல் உப்புப் போலவே இருக்கும். தவறிச் சாப்பிட்டால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலமாகி உயிருக்கே ஆபத்து வரும். பட்டறையில் சாயத்துக்குப் போடும் சாதாரண உப்பைக்கூட சமையலுக்கு எடுக்கக் கூடாது. எந்த டப்பா எது என்ற குழப்பம் ஒரு நாளைக்கு வந்தால் போதும். நைட்ரைட்டோடு ஆசிட் அளவு மீறிச் சேர்ந்தால் பழுப்பு நிறப் புகை கிளம்பும். அதை முகர்ந்தவர் அப்போதைக்கு நன்றாக இருப்பார். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். ஆகவே பழுப்புப் புகையை முகர்ந்தவரை, "ஒண்ணுமில்ல, சரியாப் போச்சு" என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பிளீச்சிங் பவுடர்: இதோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வரும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்க வேண்டாம். ஒன்றை ஊற்றிய வாளியை நன்றாகக் கழுவாமல் மற்றொன்றை ஊற்ற வேண்டாம்.

பாத்திக் மெழுகு: மெழுகு புகைய ஆரம்பித்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். மெழுகுச் சட்டியை நேரடியாக அடுப்பில் வைக்காமல், தண்ணீர் உள்ள பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ வாரி அடிக்கும். அடுப்பை அணைத்து, தட்டால் மூடுங்கள். துணியிலிருந்து மெழுகை எடுக்கப் பெட்ரோலைத் தொடவே கூடாது.

"இயற்கைச் சாயம்தானே, அதுல என்ன?"

இப்படிக் கேட்பவர்கள் பலர். கடுக்காய், மஞ்சிட்டி, அவுரி இவற்றால் தீங்கு குறைவு என்பது உண்மை. ஆனால் நிறம் பிடிப்பதற்குச் சேர்க்கும் காரம் என்ன என்று பாருங்கள். படிகாரம் என்றால் பெரிய பயமில்லை. மயில்துத்தம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. ஆரஞ்சு நிறக் கட்டியாக வரும் பொட்டாசியம் டைக்குரோமேட் புண்ணையும் இழுப்பையும் உண்டாக்கும், அதன் தூளைப் பல காலம் முகர்ந்தால் புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கும். அதை மாணவர்கள் கையில் கொடுக்காமல் இருப்பதே முறை. படிகாரத்தைக் கொண்டே எத்தனையோ நிறம் எடுக்கலாம்.

கை கழுவுவதிலும் கவனம் வேண்டும்

சாயம் பட்ட கையோடு வீட்டுக்குப் போக வெட்கப்பட்டு, பிள்ளைகள் பிளீச்சிங் பவுடரிலோ ஹைட்ரோஸிலோ மண்ணெண்ணெயிலோ கை கழுவுகிறார்கள். நிறம் போகும். அதோடு தோலின் எண்ணெய்ப் பசையும் போய், வெடித்து, அரித்து, நீர் வடியும். வெடித்த தோல் வழியே சாயம் இன்னும் எளிதாக உள்ளே போகும். கையில் நிறம் இருந்தால் அவமானம் இல்லை, இரண்டு மூன்று நாளில் தானே மறையும். சோப்பும் தண்ணீரும் போதும். கழுவித் துடைத்தபின் தேங்காய் எண்ணெய் தடவலாம்.

நிறம் ஏறாமல் இருக்க முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை போட வேண்டும். போடுவதற்கு முன் தண்ணீர் ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டைக் கையுறை, கையுறை இல்லாததைவிட மோசம். உள்ளே புகுந்த காஸ்டிக் வெளியே வராமல் தோலிலேயே நிற்கும்.

கருவுற்ற தாய்மார்களுக்கு

நம் வழக்கத்தில் நாள் தள்ளிப்போனால் மூன்று மாதம் வரை வெளியே சொல்லமாட்டார்கள். ஆனால் குழந்தையின் இருதயமும் மூளையும் கை காலும் உருவாவது அந்த மூன்று மாதத்தில்தான். சாயங்கள் பலவற்றைப் பற்றிக் கருவிலுள்ள குழந்தைக்கு என்ன செய்யும் என்று முழுமையாக ஆராயப்படவில்லை. ஆகவே ஊருக்குச் சொல்லாவிட்டாலும், நாள் தள்ளிப்போன உடனே கிராம சுகாதாரச் செவிலியரிடமும் பயிற்சி கொடுக்கும் ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள். தூள் அளப்பது, ஆசிட், குரோமேட், நாப்தால் வேலை, ஈர நூலைத் தூக்கிப் பிழிவது, கொதிக்கும் தொட்டி அருகில் நெடுநேரம் நிற்பது ஆகியவற்றை விட்டுவிட்டு, முடிச்சுப் போடுவது, டிசைன் வரைவது, காய்ந்த துணியை மடிப்பது போன்ற வேலையை ஏற்றுக்கொள்ளலாம்.

இதில் கணவனுக்கும் பங்கு உண்டு. "அவங்கவங்க பாட்டுக்கு வேலை செய்யறாங்க, உனக்கு மட்டும் என்ன" என்று பேசாதீர்கள். நீங்களே போய் ஆசிரியரிடம் எடுத்துச் சொல்லுங்கள். கணவன் சாய வேலை செய்பவராக இருந்தால், வேலை உடையோடு குழந்தையைத் தூக்க வேண்டாம். உடையைப் பட்டறையிலேயே மாற்றி, தனிப் பையில் கொண்டு வந்து, தனியாகத் துவைக்க வேண்டும். பால் கொடுக்கும் தாயும் கை கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தையை எடுக்க வேண்டும்.

வீட்டில் பழகும்போது

பயிற்சியில் கற்றதை வீட்டில் செய்து பார்க்க ஆசை வருவது இயல்பு. அப்போது:

1. அடுப்பங்கரையில் வேண்டாம். காற்றோட்டமான திண்ணையோ கொல்லைப்புறமோ நல்லது.

2. சாயத்துக்கு எடுத்த பாத்திரம், கரண்டி, டம்ளர் மறுபடி சமையலுக்கு வரக் கூடாது. எவ்வளவு தேய்த்தாலும் கூடாது. அவற்றில் சிவப்புப் பெயிண்டால் அடையாளம் போட்டு வையுங்கள்.

3. ஆசிட்டையோ காஸ்டிக் கரைசலையோ சோடா பாட்டிலிலும் தண்ணீர் பாட்டிலிலும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் வரும் குழந்தைக்கு அது தண்ணீர்தான். பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள்.

4. வேலை செய்யும் இடத்தில் சோறு, காபி, வெற்றிலை, பீடி எதுவும் வேண்டாம். கையில் உள்ள சாயம் வாய் வழியே போகும்.

5. முந்தானை, தாவணி, துப்பட்டாவைச் செருகிக்கொண்டு, பின்னலைக் கொண்டை போட்டு, காலை மூடும் செருப்போடு வேலை செய்ய வேண்டும். கண்ணாடி அணிவது கண்ணுக்குக் காப்பு.

6. சாயத் தண்ணீரைக் கிணற்றோரத்திலும் வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு சேர்ந்து, பாசனத்துக்குக் கட்டிய தண்ணீரே பயிருக்குப் பகையான கதை கொங்கு நாட்டார் அறிந்தது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அது போயிற்று. கழிவைச் சேர்த்து வைத்து, சுத்திகரிப்பு வசதியுள்ள பயிற்சிக் கூடத்தில் ஒப்படைப்பதே நல்லது.

சின்னப் பிள்ளைகளைச் சாய வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. துணிக்குச் சாயம் போடுவதைக் குழந்தைகள் செய்யக் கூடாத வேலைகளில் ஒன்றாக 1986-ஆம் ஆண்டுச் சட்டமே குறித்தது. 2016-இல் திருத்திய பிறகு 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது.

சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்

பெற்றோர் பயிற்சிக் கூடத்துக்கு நேரில் போய்ப் பார்ப்பது குற்றமல்ல, கடமை. கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்:

கையுறையும் முகமூடியும் கொடுக்கிறீர்களா, பிள்ளை வாங்கி வர வேண்டுமா? ஜன்னல் திறந்திருக்கிறதா, புகை வெளியே போக வழி உண்டா? கண் கழுவக் குழாய் எங்கே? அதில் எந்நேரமும் தண்ணீர் வருமா? டப்பாக்களில் பெயர் எழுதியிருக்கிறதா? ஆசிட் எங்கே, பிளீச்சிங் எங்கே? சாப்பிட வேறு இடம் உண்டா? ஆசிரியர் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் தனியாகக் காஸ்டிக் கரைப்பார்களா?

இவற்றுக்கு நல்ல பதில் சொல்லும் இடத்தில் சேருங்கள். "அதெல்லாம் எதுக்குங்க, நாங்க எத்தனை வருஷமாச் செய்யறோம்" என்று சிரிக்கும் இடமானால், ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

ஆபத்து நேர்ந்தால்

கண்ணில் பட்டால்: இமையை விரித்துப் பிடித்து, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம். கழுவிய பின் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தோலில் பட்டால்: நனைந்த உடையைக் கழற்றிவிட்டு, 20 நிமிடம் தண்ணீர் விடுங்கள். காஸ்டிக் பட்ட இடத்தில் எலுமிச்சம்பழம் தேய்க்காதீர்கள்.

மெழுகு பட்டால்: குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் வையுங்கள். ஒட்டிய மெழுகைப் பிய்க்க வேண்டாம். பற்பசை, இங்க், மாவு பூச வேண்டாம்.

விழுங்கிவிட்டால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காஸ்டிக்கும் ஆசிட்டும் இறங்கும்போது ஒருமுறை சுட்டது, ஏறும்போது மறுமுறை சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

புகையை முகர்ந்தால்: நல்ல காற்றுக்குக் கொண்டு வந்து, உட்கார வையுங்கள். படுக்க வைக்க வேண்டாம்.

எதுவானாலும் 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

பல ஆண்டுகள் சாய வேலை செய்தவர்களுக்கு இன்னொரு சொல். சிறுநீரில் இரத்தம் போனால், வலி இல்லாவிட்டாலும், ஒருமுறை போய் நின்றுவிட்டாலும், "சூடு" என்று மோர் குடித்து இருந்துவிடாதீர்கள். சிறுநீர்ப்பைக் கட்டி, வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்தும் வரக்கூடியது. ஆரம்பத்தில் கண்டால் சிகிச்சை எளிது.

தொழில் வேண்டும், தொழில் செய்ய உடம்பும் வேண்டும். சாயம் நூலில் ஏறட்டும், நம் பிள்ளையின் நெஞ்சில் ஏற வேண்டாம். இந்தத் தாளை வீட்டில் ஒட்டி வையுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்குப் படித்துச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள்.